கடைசியாக இறங்குகிறவர்

அக்டோபர் 31, வெள்ளி

மார்ச் மாதம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட மனிதர், நவம்பரில் மலைப் பிளவுக்குள் கயிறு கட்டி இறங்கப் போகிறாராம். டாக்டர் சரியென்று சொல்லிவிட்டாராம். டாக்டரிடம் என்ன கேட்டீர்கள் என்றேன்.

"எக்சர்சைஸ் செய்யலாமான்னு கேட்டேன். தாராளமா செய்யுங்கன்னாரு."

இதுதான் என் வீட்டுக்காரர் ஜெபராஜ். ஐம்பத்துமூன்று வயது. மஸ்கட்டுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் பாளையங்கோட்டைப் பிடிவாதத்தில் ஒரு பொட்டு குறையவில்லை. செங்குத்துப் பாறையில் தொங்குவதும் எக்சர்சைஸில் சேருமா என்று டாக்டரிடம் யார் போய்க் கேட்பது?

சண்டை போட்டுப் பார்த்தாயிற்று, அழுதும் பார்த்தாயிற்று. கடைசியில் ஜூன் மாதத்திலிருந்து நானே அவரோடு பயிற்சிக்குப் போகிறேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்ப் பாறையில் ஏறி இறங்கி, முழங்காலெல்லாம் சிராய்ப்பு. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிற டீச்சர் உள்ளங்கையில் காய்ப்பு. எல்லாம் கூடவே இருந்து இவரைப் பார்த்துக்கொள்ளத்தான், வேறு எதற்கும் இல்லை. இந்தப் பயணத்தோடு இவர் இதை விட்டாக வேண்டும். விட வைக்காவிட்டால் என் பெயர் ஹெப்சிபா இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

கடைசிப் பயிற்சி. நாங்கள் நான்கு பேர். தலைவன் சதக்கத்துல்லா, மேலப்பாளையத்துப் பையன். பையன் என்றால் நாற்பது வயது, கிரேன் கம்பெனியில் வேலை, ஆள் அலமாரி அளவு இருப்பான். இன்னொருத்தி விசாலி, கோயம்புத்தூர், பல் டாக்டர். நெடுநெடுவென்று வளர்ந்தவள். இரண்டு பேருக்கும் நான் அக்கா.

சதக் இன்றைக்கும் அதே பாடத்தை நடத்தினான். கயிற்றைப் பாறையில் அடித்திருக்கும் வளையத்துக்குள் நுழைத்து, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டு இறங்குகிறோம். இறங்குகிறவர் கயிற்று நுனியைத் தாண்டி வழுக்கிப் போகாமலிருக்க இரண்டு நுனியிலும் முடிச்சு. எல்லோரும் இறங்கிய பிறகு முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு ஒரு பக்கத்தை இழுத்தால், மறுநுனி மேலே போய் வளையத்தைத் தாண்டிக் கீழே விழும். முடிச்சை அவிழ்க்காமல் இழுத்தால் அது மேலே போய் வளையத்தில் மாட்டிக்கொள்ளும். கயிறு போச்சு. கீழே போகவும் முடியாது, மேலே போகவும் முடியாது.

அதனால் இவர்களிடம் ஒரு வழக்கம். இழுக்கப் போகிறவர் "முடிச்சு?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் மறுநுனியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு "இல்லை" என்று சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது, தொட வேண்டும்.

"இதுல தப்பு பண்ணுத ஆளு அடுத்த வருசம் பூரா நம்ம கூட வர முடியாது," என்றான் சதக். "எங்க வாப்பாவா இருந்தாலும் சரிதான்."

வழக்கமாகக் கடைசியில் இறங்குவது இவர்தான். எல்லோரையும் அனுப்பிவிட்டு மேலே தனியாக நிற்கிற வேலை. அனுபவம் உள்ளவருக்குத்தான் கொடுப்பார்களாம். அதில் அப்படியொரு பெருமை.

கயிற்றில் சாய்ந்து, முதல் அடியைப் பின்னால் வைக்கும்போது காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. எனக்குப் பிடிக்கவே இல்லை. சரியாக வர வேண்டுமே என்று இன்னும் மூன்று தடவை இறங்கினேன்.

நவம்பர் 13, வியாழன்

தூக்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குத்தாள் திருத்தும்போது கூட்டலில் நானே தப்பு விட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மாத்திரைகளை வேளை வேளையாகப் பிரித்துத் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்தேன். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை மட்டும் என் சட்டைப் பையில் வைத்துப் பின் குத்தினேன். இவர் பார்த்துவிட்டு, "நான் என்ன வெடிகுண்டாட்டி?" என்றார். ஆமாம் என்றேன்.

புளியோதரை, அவித்த முட்டை, பேரீச்சை. வானிலை அறிக்கையை நாளெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கேயோ தூரத்தில் மழை பெய்தாலும் வாதிக்குள், இந்த ஊரில் மலைக்கு நடுவே போகிற வறண்ட ஆற்றுக்கு அதுதான் பெயர், வெள்ளம் வந்துவிடும். மேகம் இல்லை என்றே காட்டுகிறது. மேகம் வந்து பயணம் நின்றால் நல்லது என்று முதலில் நினைத்தேன். பிறகு இவ்வளவு பாடுபட்டுப் பழகிவிட்டு நிற்பதா என்றும் தோன்றியது.

நவம்பர் 20, வியாழன்

காலையில் கிளம்பினோம். விசாலியின் காரை வாதி முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு, எல்லோரும் சதக் வண்டியில் மேலே வந்தோம். கடைசிப் பெட்ரோல் பங்கைத் தாண்டியபின் வெறும் கல். ஒரு மரம், ஒரு ஆடு, பிறகு மரமும் இல்லை ஆடும் இல்லை. போனில் சிக்னல் போய்விட்டது.

மாலையில் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். மலையைக் கத்தியால் கீறி வைத்த மாதிரி ஒரு பிளவு. அடி தெரியவில்லை. இதற்குள்ளா போகப் போகிறோம் என்று கேட்டேன். "இதுக்குள்ளதான் போறோமுங்க்கா," என்றாள் விசாலி, ஏதோ ஜவுளிக்கடைக்குக் கிளம்புகிறவளைப் போல.

கூடாரம் அடித்தாயிற்று. இவர் கூழாங்கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி ஓரத்தில் வைக்கிறார். குனிந்து நிமிரும்போதெல்லாம் மூச்சு எப்படி வாங்குகிறது என்று பார்க்கிறேன். நன்றாகத்தான் வாங்குகிறது. உட்கார முடியவில்லை. எழுந்து நடக்கிறேன், திரும்ப வந்து உட்காருகிறேன், திரும்ப எழுகிறேன். சதக் சிரிக்கிறான்: "அக்கா, நீங்க நடக்குத நடைக்கு இன்னிக்கே கீழ போய்ச் சேர்ந்துருப்பிய."

நவம்பர் 21, வெள்ளி

கயிறு மேலே மாட்டிக்கொண்டது. நான் ஏறிப்போய் எடுத்து வந்தேன். எல்லோரும் நலம். விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுக்கின்றன.

நவம்பர் 22, சனி, காலை

ராத்திரி பிளவுக்குள்ளேயே படுத்து எழுந்தோம். மற்றவர்கள் மூட்டை கட்டுகிறார்கள். இன்னும் இரண்டு இறக்கங்கள் பாக்கி. நேற்று நடந்ததை இப்போதே எழுதிவிடுகிறேன்.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. உள்ளே இறங்க இறங்க வானம் ஒரு நாடா அகலத்துக்குச் சுருங்கியது. வெளியே அவ்வளவு வெயில், உள்ளே குளிர். நிழலில் கிடந்த ஆழமான கசங்களில், பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரில், பையை முன்னால் தள்ளிக்கொண்டு நீந்த வேண்டியிருந்தது. தண்ணீர் பச்சை. பல் தந்தியடித்தது. விசாலி, "பல்லெல்லாம் பத்திரமுங்க, கழண்டா நான் ஃப்ரீயா கட்டித் தாறேன்," என்றாள்.

மதியத்துக்கு மேல் பெரிய இறக்கம். ஐந்து மாடி உயரம் இருக்கும். சதக் முதலில், பிறகு விசாலி, பிறகு நான். இவர் வழக்கம்போலக் கடைசி. கீழே ஒரு சின்ன மணல் திட்டு, அதை ஒட்டி அடுத்த கசம். சதக்கும் விசாலியும் கசத்தைத் தாண்டி அடுத்த இறக்கத்துக்கு வளையம் தேடப் போய்விட்டார்கள். திட்டில் நான் மட்டும் நின்று இவர் இறங்குவதைப் பார்த்தேன்.

தரையைத் தொட்டதும் முகம் வெளுத்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. வாயால் மூச்சு வாங்கினார். இடது கையை இரண்டு தடவை உதறினார். என் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. நெற்றியில் வேர்வையா தண்ணீரா என்று தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே நரம்பு ஒன்று துடித்தது.

பிறகு கயிற்றை இழுத்தார். பாதிக்கு மேல் சரசரவென்று வந்தது, நின்றது. மேலே 'டக்' என்று ஒரு சத்தம். முடிச்சு வளையத்தில் போய் அடித்துவிட்டது. யார் கேட்டார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அந்தத் தண்ணீர் இரைச்சலில் எப்படிச் சொல்வது?

சதக்கும் விசாலியும் நீந்தித் திரும்பி வந்தார்கள். சதக் மேலே பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு நிலைமை புரிந்தது. பையில் இருக்கும் இன்னொரு கயிறு குட்டை, அடுத்த இறக்கத்துக்கு எட்டாது. சுற்றிலும் வழுவழுப்பான சுவர். வெளியே யாருக்கும் கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை.

"முடிச்சு கேட்டியளா அண்ணாச்சி?"

இவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கேக்கல தம்பி. மறந்துட்டேன். என் தப்புதான்."

சதக் கயிற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மாட்டிய கயிற்றிலேயே யாராவது ஏறிப்போய் முடிச்சை அவிழ்த்தாக வேண்டும். முடிச்சு வளையத்தை விட்டு நழுவிவிட்டால் ஏறுகிறவர் கீழே விழுவார். மூன்று பேரும் சேர்ந்து தொங்கிப் பார்த்தார்கள். தாங்கியது. ஆனாலும் மேலே போய்ப் பார்க்காமல் யாருக்கும் நிச்சயம் கிடையாது. நான் ஏறுகிறேன் என்றான் சதக்.

"நீ ஏறாத," என்றார் இவர். "உன் கனத்துக்கு அது வழுகுனாலும் வழுகும். இருக்கதுல கனம் கம்மி ஹெப்சிதான். பயிற்சியில சுத்தமா ஏறுவா. அவ ஏறட்டும்."

நான் அவரையே பார்த்தேன். இத்தனை வருஷத்தில் சிலிண்டர் மாற்றக்கூட என்னை விடாத மனிதர்.

கயிற்றைக் கவ்விக்கொண்டு மேலே மட்டும் நகரும் இரண்டு பிடிகள் உண்டு. ஒன்றில் உட்கார்ந்து மற்றதை நகர்த்த வேண்டும், பிறகு நின்று இதை நகர்த்த வேண்டும். அப்படியே போனேன். பயமாக இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. கயிறு நறநறவென்று சத்தம் போடும்போதெல்லாம் பைபிள் சங்கீதத்தில் பாதி வசனம் வந்தது, மீதி மறந்துபோனது. பாதிக்கு மேல் கீழே பார்க்கவில்லை. மேலே பார்த்தேன், அடுத்த பிடி, அடுத்த பிடி. பிறகு வளையம் என் மூக்குக்கு நேரே இருந்தது. முடிச்சு கல் மாதிரி இறுகி அதில் உட்கார்ந்திருந்தது.

என்னை வளையத்தோடு கட்டிக்கொண்டு, பல்லையும் நகத்தையும் வைத்து முடிச்சை அவிழ்த்தேன். ஒரு நகம் போயிற்று. கயிற்றைத் திரும்ப இரண்டு பக்கமும் சமமாக விட்டேன். எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தேன்.

உடனே இறங்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே யாரும் இல்லை. பாறை உச்சியில் மட்டும் வெயில் விழுந்து சிவந்து கிடந்தது. கீழே மூன்று ஹெல்மெட்டுகள். "அக்கா, என்ன செய்யுதிய?" என்று சதக் கத்தினான். வளையத்தைச் சரிபார்க்கிறேன் என்று கத்தினேன். பிறகு இறங்கினேன்.

இவர் கூப்பிடுகிறார். கிளம்ப வேண்டும்.

நவம்பர் 22, சனி, மாலை

வெளியே வந்துவிட்டோம். விசாலியின் கார் புழுதி மூடி அப்படியே நின்றது. அவள் காரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

மேலே போய்ச் சதக் வண்டிக்கு மாறியதும், பின்சீட்டில் ஷூவைக் கழற்றியபடி இவர் சொன்னார்: "தம்பி, உன் சட்டம் ஒரு வருசம்தான். நான் மொத்தமாவே நிறுத்திக்கிடுதேன்."

சதக் கண்ணாடியில் இவரைப் பார்த்தான். "அண்ணாச்சி, ஒரு வருசம் கழிச்சு வாங்க. நீங்கதான் எனக்கே சொல்லிக் குடுத்தவிய."

"இல்லப்பா. நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதேன்."

அவ்வளவுதான். நான் எதற்காக வந்தேனோ அது நடந்துவிட்டது. இந்தத் தடவை கெஞ்சவில்லை, அழவில்லை, தானாக வந்து மடியில் விழுந்தது. சந்தோஷமாக இருக்க வேண்டும். வழியில் வாங்கிய பரோட்டாவைப் பிரிக்காமலே வைத்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பள்ளிக்கூடம்; இங்கே வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. கட்டுப்போட்ட விரலோடு சாக்பீஸ் பிடித்தேன். பின்பெஞ்சில் பேசிய பிள்ளையிடம் தேவைக்கு மேல் எரிந்து விழுந்தேன். மதியம் ஸ்டாஃப் ரூமில் உட்கார முடியாமல் மூன்றாம் மாடி வரை ஏறி இறங்கினேன்.

இவர் வீட்டில் சத்தமில்லாமல் இருக்கிறார். ஹெல்மெட்டைத் துடைத்து உறையில் போட்டு முடிச்சுப் போட்டார். டிவியில் செய்தி வாசித்தார்கள், சத்தத்தைக் கூட்டவில்லை. தன் புத்தியையே நம்பாமல் போய்விட்டாரோ? ஒன்பது வருஷமாக ஒரு தடவையும் தப்பு விடாத மனிதர். கேட்க மறந்தேன் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கேட்டார். மறக்கவில்லை. "முடிச்சு?" என்று கேட்டார். தண்ணீர் இரைச்சலிலும் தெளிவாகக் கேட்டது. "இல்லை" என்று நான்தான் சொன்னேன். தொடவில்லை. கயிறு எந்தப் பக்கம் கிடந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் நெற்றியையும் உதட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் இருந்தால் இவர் வீட்டிலேயே பத்திரமாக இருப்பார். சொன்னால் தெம்பு வந்து மறுபடியும் கிளம்பிவிடுவார். எனக்கு வேண்டியது கைக்கு வந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

நவம்பர் 24, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

கயிறு கழுவுகிற நாள். பயணம் முடிந்ததும் குளியல் தொட்டியில் கொஞ்சமாக சோப்புப் போட்டுக் கயிற்றை ஊறவைத்து, மண் போக அலசி, விரலுக்கிடையே விட்டு முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது நார் பிய்ந்திருந்தால் கைக்குத் தெரியும். இவர் குட்டி ஸ்டூலில், நான் தொட்டி விளிம்பில். தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. இவர் அலசித் தர நான் தடவிப் பார்த்து வாளியில் சுருட்டினேன்.

பாதிக் கயிறுகூட முடியவில்லை, எனக்குத் தாங்கவில்லை.

"நீங்க அன்னிக்கு முடிச்சுன்னு கேட்டிய," என்றேன்.

"கேட்டேன்."

"நான் இல்லைன்னேன்."

"சொன்ன."

"நான் தொடல. கயித்தைப் பாக்கவே இல்ல."

இவர் அலசுவதை நிறுத்தவில்லை. "தெரியும்ட்டி. அப்பத் தெரியல. மேல டக்குன்னு சத்தம் கேட்டதும் உன்னையத் திரும்பிப் பாத்தேன். அந்தச் சத்தத்துக்கு யாரா இருந்தாலும் மேலதான் பாப்பாங்க. அப்பவும் நீ என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்ன."

"அப்புறம் எதுக்கு உங்க தலையில போட்டுக்கிட்டிய?"

"உன் பேரச் சொல்லியிருந்தா சதக் உன்னைய ஒரு வருசம் சேத்துக்க மாட்டான்."

"சேக்காட்டிப் போறான். நான் எதுக்கு வந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எதுக்கு வந்தன்னும் தெரியும்." ஈரக் கையால் மூக்கைத் துடைத்தார். "மேல போய் எல்லாத்தையும் அவுத்துட்டு இறங்கி வந்த பாரு, அப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. கல்யாணம் ஆன நாள்லருந்து அப்படி ஒரு மூஞ்சிய நான் பாத்ததில்ல. அதப் போய் வீட்டுல உக்காரச் சொல்லச் சொல்லுதியா?"

"அப்ப நீங்களும் வாங்க," என்றேன். நானா சொன்னேன் என்று இருந்தது. ஸ்டென்ட் வைத்த நெஞ்சை நினைத்து எட்டு மாதமாகத் தூங்காதவள். "ரெண்டு பேரும் போவோம். இனிமே நான் ஒழுங்கா தொட்டுப் பாப்பேன்."

"பாக்க மாட்ட." கோபமில்லாமல்தான் சொன்னார். "நான் அங்க நின்னா நீ என்னையத்தான் பாப்ப. எனக்கு நெஞ்சு நல்லாத்தான் இருக்கு, மூச்சும் நல்லா இருக்கு. அன்னிக்குக் கை மரத்துப் போச்சு, உதறுனேன், அவ்வளவுதான். ஆனா நீ நம்ப மாட்ட. உன் மேல தப்புச் சொல்லல. ஒனக்கு அப்படித்தான் பாக்க வரும். அங்க நாலு உசுரு தொங்குது ஹெப்சி. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் போக முடியும்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சண்டை போட்டு நான் ஜெயித்திருக்க வேண்டியதை இவர் எடுத்துத் தானமாகக் கொடுக்கிறாரே என்ற ஆத்திரம். வேண்டாம், இரண்டு பேருமே போக வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதைச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் என்னால் இப்போதும் நம்ப முடியவில்லை.

"கயித்த விடாத, காயுது," என்றார். மீதியைத் தடவிப் பார்த்து முடித்தேன். எங்கேயும் பிய்யவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

மூன்று நாளாக இவரோடு சரியாகப் பேசவில்லை. இவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. காலையில் கடற்கரை ஓரமாக நடந்துவிட்டு மீன் வாங்கி வந்தார்.

சதக்கிடம் போனில் உண்மையைச் சொல்லிவிட்டேன். இவருக்குத் தெரியாமல்தான். "சரிக்கா, யோசிச்சுச் சொல்லுதேன்," என்று சதக் வைத்துவிட்டான். ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம். மனசு கொஞ்சம் அடங்கியது, ஆனால் கால் அடங்கவில்லை. சாயங்காலம் மொட்டைமாடியில் அரைமணி நேரம் நடந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

சதக் கூப்பிட்டான். நான் மீன் கழுவிக்கொண்டிருந்ததால் இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார்.

"அக்கா, சட்டம் சட்டம்தான். ஒரு வருசத்துக்கு உங்களுக்குப் பயணம் கிடையாது. அடுத்த டிசம்பர்ல தெக்க ஒரு புது வாதி பாத்து வச்சிருக்கேன். அதுவரைக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பயிற்சிக்கு வரணும். கடைசியா இறங்குததுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும், பழக்கி எடுக்கப் போறேன். வாரியளா, மாட்டியளா?"

என் குட்டு உடைந்துவிட்டது. இவர் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார், சொல்லிட்டியா என்பதுபோல. பிறகு சோபாவில் சாய்ந்து ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தார். நான் ஈரக் கையோடு நின்றேன். சுளையைப் பிரிக்கும்போது விரல் நடுங்குகிறதா, முகம் வாடுகிறதா, மூச்சு எப்படிப் போகிறது என்று பார்த்தேன்.

"அக்கா? லைன்ல இருக்கியளா?"

"என்னைய எதுக்குட்டி பாக்குத?" என்றார் இவர். "கேக்கவன் அங்க இருக்கான்."

நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, "வாரேன் தம்பி," என்றேன்.